சாமிப் பெட்டி சூடாக இருந்தது

சாவியைத் திருகினேன். 'டிக்' என்று ஒரு சத்தம் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

மார்கழிப் பனி. கண்ணாடி முழுக்க ஈரம். வண்டிக்கு வெளியே பெண்கள் சால்வையும் ஸ்வெட்டருமாக, சாப்பாட்டுக் கூடையை இடுக்கிக்கொண்டு நின்றார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது, அந்த வாரத்தில் அதுதான் முதல் தடவையா என்ன. கூடைகளை வரிசையாகக் கேட் ஓரம் வைத்துவிட்டு, வண்டிக்குப் பின்னால் போய்க் கை வைத்தார்கள்.

"அண்ணாச்சி, ரெண்டாங் கியரு போட்டாச்சா? தள்ளுதோம்" என்று ஜெபராணியின் குரல் மட்டும் கேட்டது.

வண்டி இறக்கத்தில் உருண்டு, ஒரு உலுக்கு உலுக்கி, இருமிக்கொண்டே உயிர் பிடித்தது. பிடித்த வேகத்தில் ஹெட்லைட் இரண்டும் பளிச்சென்று எரிந்து எதிர்ச்சுவரில் வெளிச்சம் விழுந்தது. அந்த வெளிச்சத்தைத்தான் என் மனைவி சாந்தாமணி கேட் அருகில் நின்றுகொண்டு பார்த்தாள். நேராக வந்து ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"ஏனுங்க, ராத்திரி பூரா லைட்டப் போட்டுட்டே தூங்கிட்டீங்களாட்ட இருக்குதுங்க. சுச்சு ஆன்ல இருக்குது பாருங்க."

பார்த்தேன். ஆமாம், அப்படித்தான் இருந்தது.

"நான் அணைச்சுப்போட்டுத்தான் எறங்குனேன்" என்று கத்தினேன். கத்தினால் சுவிட்ச் கேட்டுக்கொள்ளுமா. அது ஆன் பக்கமே சாய்ந்திருந்தது.

பள்ளிக்கூடத்து வண்டி

போன வாரம் இதே பக்கத்தில் நான் எழுதிய கோழி லோடுக் கதையை ஜெபராணி வண்டியில் சத்தமாகப் படித்தாள். பொங்கலூரில் ஆரம்பித்து பல்லடம் வருவதற்குள் முடித்தும் விட்டாள். பின் சீட்டில் இருந்து ஒருத்தி, "அண்ணன் ஊருக்கதையெல்லாம் எழுதறாரு, வண்டி நின்ன கதைய மட்டும் எழுத மாட்டேங்கறாரு" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. சரி, எழுதித் தொலைக்கிறேன். படிக்கப் போவது அதே வண்டியில் அதே ஆட்கள். அதனால் கூட்டிக் குறைத்துச் சொல்லவும் வழியில்லை.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். நான் வேலுச்சாமி. பொங்கலூர்ப் பக்கம் வீடு. கோழி லோடு ஓட்டி இடுப்பு ஓய்ந்த பிறகு, ஒரு பள்ளிக்கூடத்தில் கழித்துவிட்ட வேனை வாங்கினேன். அதில் பனியன் கம்பெனிப் பெண்களைக் காலையில் திருப்பூருக்குக் கொண்டுபோய் விட்டு, வேலை முடிந்ததும் திரும்பக் கூட்டி வருகிறேன். வெள்ளைப் பெயின்ட் அடித்திருக்கிறேன். ஆனாலும் சாய்ந்த வெயிலில் பார்த்தால் உள்ளே இருக்கும் பள்ளிக்கூடத்தின் பெயர் எழுத்தெழுத்தாகத் தெரியும். கீறல் விழுந்த இடமெல்லாம் மஞ்சள்.

ஜெபராணி தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. புருஷன் பிள்ளைகளோடு பிழைக்க வந்து, எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் லைன் வீட்டில் குடியிருக்கிறாள். ஓவர்லாக் டெய்லர். முதல் ஆளாக ஏறுவாள், கடைசி ஆளாக இறங்குவாள். முன் சீட்டு அவளுடையது. அதில் வேறு யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

டேஷ்போர்டின் நடுவில் ஒரு சாமிப் பெட்டி இருக்கிறது. ஒரு சாண் உயரம், மரப்பெட்டி, முன்னால் இரண்டு குட்டிக் கதவு. உள்ளே முருகனும் வேளாங்கண்ணி மாதாவும் பக்கத்துப் பக்கத்தில். முருகன் என் மனைவி வைத்தது, மாதா ஜெபராணி கொடுத்தது. இருவர் தலைக்கு மேலும் ஆளுக்கொரு சின்ன பல்பு, மஞ்சள் வெளிச்சம்.

காலையில் இன்ஜினை ஓடவிட்டுப் பிறகு கதவைத் திறப்பேன். ராத்திரி வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்தி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, அதற்கப்புறம்தான் இன்ஜினை நிறுத்துவேன். கோயிலில் நடை சாத்துகிறார்கள் அல்லவா, அந்த மாதிரி. யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. தானாக வந்த பழக்கம்.

எல்லாமே சாட்சி

முதலில் பேட்டரி பழசாகிவிட்டது என்றுதான் நினைத்தோம். கழற்றிக் கொண்டுபோய்ச் சார்ஜ் ஏற்றினேன். ஓரிரு நாள் ஒழுங்காக இருந்தது. பிறகு மறுபடியும் 'டிக்'. திங்கட்கிழமை என்றால் சொல்லவே வேண்டாம், நிச்சயம் தள்ளு.

இத்தனைக்கும் தீபாவளி வரை ஒரு நாள்கூட நின்றதில்லை. அப்போது ஆர்டர் குவிந்து கிடந்தது. ஓவர்டைம், ஞாயிற்றுக்கிழமை வேலை என்று வண்டி ஓடிக்கொண்டே இருந்தது. தீபாவளிக்குப் பிறகு ஆர்டர் சுருங்கியது. ஓவர்டைம் நின்றது. பொழுது சாய்வதற்குள் வீடு வந்துவிடுவோம். ஞாயிறு முழுக்க வண்டிக்கும் ஓய்வு. பெண்கள் முகத்தில் களை இல்லை. இந்த நேரத்தில் இந்த வண்டி வேறு தினமும் அவர்களைத் தள்ள வைத்தது.

ஒவ்வொரு தடவையும் அந்த சுவிட்ச் ஆன் பக்கம் கிடந்தது. அதுதான் என்னைக் கொன்றது. ராத்திரி அணைத்தேன் என்று சத்தியம் பண்ணுவேன். காலையில் அது என்னைப் பொய்யனாக்கும்.

சாந்தாமணி லேசில் விடுகிறவள் இல்லை. தினமும் நான் வண்டியை நிறுத்தும்போது கேட்டில் வந்து நிற்க ஆரம்பித்தாள்.

"அணைச்சுட்டீங்களா?"

"அணைச்சுட்டேன்."

"எங்க, தள்ளுங்க, பாக்கறேன்."

எட்டிப் பார்ப்பாள். சுவிட்ச் ஆஃப். அவளே ஒரு தடவை தட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போவாள். எனக்கு உள்ளுக்குள் எரியும். கல்யாணம் ஆன நாளில் இருந்து நான் வண்டி ஓட்டுவதில் தலையிடாத மனுஷி.

அப்படி அவளே பார்த்துவிட்டுப் போன ஒரு ராத்திரிக்கு மறுநாளும் வண்டி கிளம்பவில்லை. சுவிட்ச் ஆன்.

அன்றைக்கு அவள் திட்டவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். அவள் என்ன நினைக்கிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் ராத்திரியில் எழுந்து, எனக்கே தெரியாமல் வண்டிக்கு வந்து லைட்டைப் போட்டுவிட்டுப் போய்ப் படுக்கிறேன். அப்படித்தான் நினைத்தாள். நானும் அதையேதான் நினைத்தேன்.

சந்தேகம் என்று ஒன்று வந்துவிட்டால் எல்லாமே சாட்சிதான். கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு தேடினேன், அது ஒன்று. காபி குடித்ததை மறந்து இன்னொரு காபி கேட்டேன், அது ஒன்று. போன வருஷம் செய்திருந்தால் சிரித்திருப்பார்கள். இப்போது யாரும் சிரிக்கவில்லை.

எங்க எறங்கோணுங்க

இங்கே என் அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

அப்பா தனியார் பஸ்ஸில் கண்டக்டர். பல்லடத்தில் இருந்து கிளம்புகிற பஸ். பல்லடத்து பஸ்காரர்களின் வேகம் தெரிந்தவர்களுக்குத் தெரியும், ஆள் காலைத் தூக்கினால் போதும், விசில் ஊதிவிடுவார்கள். அந்த நெரிசலில் யார் எங்கே ஏறினார், யார் டிக்கெட் வாங்கவில்லை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார் அப்பா. நிறுத்தங்களைப் போகிற வரிசையிலும் சொல்வார், வருகிற வரிசையிலும் சொல்வார். நான் சின்ன வயதில் அதைத்தான் பாட்டு மாதிரிக் கேட்டுத் தூங்குவேன்.

கடைசிக் காலத்தில் எல்லாம் போய்விட்டது. விடியும் முன்னே எழுந்து, சட்டை மாட்டி, தோல் பையைத் தேடுவார். முதல் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதாம். பிடித்து உட்கார வைப்போம். ஒரு நாள் நான் அவருக்குச் சோறு பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தேன். என்னை நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் ஒரு சின்னச் சங்கடம், தெரியாத ஆளிடம் பேசும்போது வருமே, அது.

"நீங்க எங்க எறங்கோணுங்க?" என்றார்.

அவ்வளவு மரியாதை. என்னை வாடா போடா என்றுதான் அவர் வளர்த்தார். செருப்பால் அடித்துக்கூட இருக்கிறார். அப்போதெல்லாம் வலிக்காதது அந்த 'ங்க'வில் வலித்தது. கையில் சோற்றோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு, "பொங்கலூருங்க" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு வாயைத் திறந்தார்.

அந்த நோய் எனக்கும் வந்துவிட்டதோ என்று பயந்தேன். வேறு எதற்கும் நான் பயந்ததில்லை. படுக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு என் நிறுத்தங்களைச் சொல்லிப் பார்ப்பேன். எங்கள் வீடு, பொங்கலூர் பஸ் ஸ்டாண்டு, மாதப்பூர், பல்லடம், அருள்புரம். ஒவ்வொரு இடத்திலும் யார் யார் ஏறுவார்கள், யார் எந்தப் பக்கம் உட்காருவாள். எல்லாம் சரியாக வரும். நிம்மதியாக இருக்கும். அடுத்த நிமிஷமே, அப்பாவும் இப்படித்தான் ஆரம்பத்தில் சொல்லிப் பார்த்திருப்பாரோ என்று தோன்றும். தூக்கம் போய்விடும்.

நாச்சிமுத்துவின் கை

சனிக்கிழமை பல்லடத்தில் நாச்சிமுத்துவின் கடைக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போனேன். வண்டி வயரிங், பேட்டரி எல்லாம் பார்க்கிறவர். சாந்தாமணியும் கூட வந்தாள். காய் வாங்க வேண்டும் என்றாள். என்னைத் தனியாக விட அவளுக்கு மனசில்லை, அதுதான் நிஜம்.

சாமிப் பெட்டியைச் சாத்தி, இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கினேன். நாச்சிமுத்து ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினார். 'டிக்'. உடனே அவருடைய இடது கை தானாகப் போய் ஹெட்லைட் சுவிட்சைத் தட்டியது. முன்னால் எட்டிப் பார்த்தார். லைட் மங்கலாகக் கண்ணைக் காட்டிவிட்டுச் செத்தது. அவர் சுவிட்சை அப்படியே விட்டுவிட்டு இறங்கி வந்தார்.

நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அது என் கை.

கோழி லோடு ஓட்டிய காலத்தில் இருந்து நானும் இதைத்தான் செய்கிறேன். வண்டி கிளம்பாவிட்டால் பேட்டரியில் உயிர் இருக்கிறதா என்று பார்க்க லைட்டைப் போடுவது. எல்லா டிரைவரும் செய்வான். கொட்டாவி விடுகிற மாதிரி, செய்கிறோம் என்றே தெரியாது. பேட்டரி சுத்தமாகச் செத்துக் கிடப்பதால் லைட் எரியாது. எரியாத லைட்டை யார் அணைப்பார்கள்? பிறகு தள்ளிக் கிளப்பியதும் அது எரிகிறது. சாந்தாமணி பார்க்கிறாள்.

"பாத்தியா, பாத்தியா" என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். "ராத்திரி நான் போடல. காத்தால கிளம்பலைன்னு போட்டுப் பாத்திருக்கறேன்."

"அப்படியும் இருக்கலாமுங்க" என்றாள் அவள். குழந்தைக்குச் சொல்கிற குரலில் சொன்னாள். எனக்கு அங்கேயே அந்தக் காய்ப் பையைத் தூக்கி எறியலாம் போல இருந்தது.

நாச்சிமுத்து பேட்டரியைச் சார்ஜில் போட்டு ஏற்றிவிட்டு, டைனமோவைப் பார்த்தார். அதில் குறை இல்லை. பிறகு லைட் சுவிட்சை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் ஒரு முனையைக் கழற்றி, நடுவில் மீட்டரைக் கொடுத்தார். எதுவும் ஓடாத வண்டியில் மீட்டர் சும்மா இருக்க வேண்டும். இருக்கவில்லை.

"வேலுச்சாமியண்ணா, எதோ ஒண்ணு கரண்டத் தின்னுட்டே இருக்குதுங்க."

எனக்கு அவர் வாயில் சர்க்கரை போடலாம் போல இருந்தது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். எந்த ஃபியூஸைப் பிடுங்கினால் மீட்டர் இறங்குகிறதோ, அந்த வழியில்தான் திருடன் இருக்கிறான் என்று அர்த்தம். ஹார்ன், பாட்டுப் பெட்டி, உள் லைட், வைப்பர் என்று எல்லாவற்றையும் பிடுங்கியாகிவிட்டது. மீட்டர் அசையவே இல்லை.

"ஃபியூஸ்ல வராம, நேரா பேட்டரியில இருந்து எதோ எடுத்திருக்குதுங்க. புதுசா யாராச்சும் எதாச்சும் மாட்டுனாங்களா?"

"இல்லீங்க" என்றேன் நான்.

"யாரும் ஒண்ணும் மாட்டலீங்க" என்றாள் சாந்தாமணி, என்னைவிட உறுதியாக.

அவருக்கு ஒரு கல்யாண வீட்டுக்குப் போக வேண்டும், கடையைச் சாத்துகிற நேரம். திங்கட்கிழமை வண்டியை விட்டுவிட்டுப் போங்கள், சீட்டெல்லாம் கழற்றிப் பிரித்துப் பார்த்துவிடலாம் என்றார். பேட்டரியை மாட்டிக் கொடுத்தார். வண்டி ஒரே திருகில் கிளம்பியது.

வீட்டுக்கு வந்தால் எங்கள் மகன் பிரபு உட்கார்ந்திருந்தான். திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். சாந்தாமணிதான் போன் பண்ணி வரவழைத்திருக்கிறாள். அவன் அதிர்ந்து பேச மாட்டான். அது என்னிடம் இருந்து போன குணம் இல்லை.

"அப்பா, நான் சண்டைக்கு வரலீங்ப்பா. திங்கக்கெழம கோயமுத்தூர்ல நரம்பு டாக்டர்கிட்ட சொல்லி வெச்சிருக்கறேன். ஒருக்கா போய்ப் பாத்துட்டு வந்தர்லாம். அது வரைக்கும் வண்டி வேண்டாமுங்ப்பா. அத்தன பொம்பளைங்க உங்கள நம்பி ஏறறாங்க."

மீட்டர் கதையைச் சொன்னேன். சுவிட்ச் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். கேட்டுவிட்டு ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். போட்ட பிறகும் அந்தப் பையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தான். அதைப் பார்த்த பிறகு எனக்குக் கோபப்படவும் முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை

மறுநாள் விடிந்ததும் போய் வண்டிக்குள் உட்கார்ந்தேன். கதவைத் திறக்கச் சாவி தேவையில்லை, அந்தப் பூட்டு பள்ளிக்கூடத்தில் இருந்தபோதே கெட்டுப்போனது.

பனி அப்படியே கவிந்து கிடந்தது. ஸ்டியரிங் ஐஸ் மாதிரி. சீட்டு ஜில்லென்றது. சாவி இல்லாத ஓட்டையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வயசான காலத்தில் அழுவதற்கு ஒரு இடம் வேண்டும், எனக்கு அந்த வண்டி. கொஞ்சம் அழுதேன். பிறகு சாமியைத் திட்டலாம் என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை நடை திறக்கும் வழக்கமில்லை. ஆனாலும் என் கை பெட்டிக் கதவின் மேல் போனது.

பெட்டி சூடாக இருந்தது.

கையை எடுத்துவிட்டேன். டேஷ்போர்டைத் தொட்டேன். ஜில். கண்ணாடியைத் தொட்டேன். ஜில். மறுபடி பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தேன். இட்லி எடுத்து ஆறவைத்த தட்டு இருக்குமே, அந்தச் சூடு. கதவைத் திறந்தேன். மூடிக் கிடந்த அந்தப் பெட்டிக்குள் முருகனும் மாதாவும் ஜகஜ்ஜோதியாக இருந்தார்கள். இரண்டு பல்பும் எரிந்துகொண்டிருந்தன. சாவி என் மகனுடைய சட்டைப் பையில் இருந்தது.

ராத்திரி ராத்திரியாக நான் நடை சாத்திவிட்டுப் போயிருக்கிறேன், உள்ளே விளக்கு விடிய விடிய எரிந்திருக்கிறது. பகலில் கம்பெனி வாசலில் வெயிலில் நிற்கும்போதும் எரிந்திருக்கும். பார்த்திருப்போம். சாமி விளக்கு எரிவதைப் பார்த்து யாராவது அதிசயப்படுவார்களா? ஓவர்டைம் இருந்தவரை ஓட்டத்தில் பேட்டரி ஈடு கொடுத்தது. ஓட்டம் குறைந்ததும் படுத்துவிட்டது.

"சாந்தாமணி" என்று நான் போட்ட சத்தத்தில் அவளும் பிரபுவும் ஓடி வந்தார்கள். நான் அதற்குள் கால்மிதியைப் பிடுங்கிவிட்டேன். பெட்டிக்கு அடியில் இருந்து ஒரு சிவப்பு வயர் கால்மிதிக்குக் கீழே போய், முன் சீட்டுக்கு அடியில், பேட்டரிக்குப் போகும் தடித்த வயரில் நேராகச் சேர்ந்திருந்தது. ஃபியூஸ் கிடையாது, சுவிட்ச் கிடையாது.

"எந்த மடப்பய மாட்டுனான் இத" என்று கேட்டுக்கொண்டே வயரின் இணைப்பைத் திருப்பிப் பார்த்தேன்.

அந்தக் கட்டு எனக்குத் தெரிந்த கட்டு.

சிவப்பு வயர்

இணைப்பின் மேல் டேப் சுற்றியிருந்தது. டேப்புக்கு உள்ளே பனியன் துணி, கழுத்துப்பட்டிக்கு வைக்கிற ரிப் துணியின் கழிவு, மெல்லிய நாடாவாகக் கிழித்து இறுக்கிக் கட்டியிருந்தது. ஆட்டத்தில் வயர் தளராமல் இருக்க நான் அப்படித்தான் கட்டுவேன். திருப்பூரில் துணிக் கழிவுக்குப் பஞ்சமா. என் வண்டியில் நான் கை வைத்த எல்லா இணைப்பிலும் அந்த நாடா இருக்கும். வேறு யார் கட்டியும் நான் பார்த்ததில்லை.

அப்படியென்றால் மாட்டியவன் நான். எப்போது மாட்டினேன்? எதற்கு மாட்டினேன்? தலைக்குள் துழாவினேன். ஒன்றுமே இல்லை. நேற்றுத்தான் நாச்சிமுத்துவிடம் இல்லீங்க என்று அடித்துச் சொன்னேன்.

இறங்கிப் படிக்கட்டில் உட்கார்ந்தேன். பிரபு, "என்னாச்சுங்ப்பா" என்றான்.

"கண்ணு, இது நான் மாட்டுனது. கட்டு என்னோடது. எனக்கு நாபகமே இல்ல. நீ சொன்னதுதான் சரி. நாளைக்கு டாக்டர்கிட்டப் போலாம்."

சாந்தாமணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பிரபு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கையைப் பிடித்தான். அவன் கை என் அப்பாவின் கை மாதிரி இருந்தது. இவனிடமும் ஒரு நாள் எங்கே இறங்க வேண்டும் என்று கேட்பேன் என்று நினைத்தேன்.

அந்த நேரத்தில்தான் ஜெபராணி மாதா கோயில் பூசை முடிந்து, தலையில் முக்காட்டோடு வந்தாள். திங்கட்கிழமை வண்டி வருமா என்று கேட்க வந்திருக்கிறாள். எங்கள் மூன்று பேரையும் பார்த்துவிட்டுத் தயங்கி நின்றாள். பிறகு திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தாள், வெளியே தொங்கிய வயரைப் பார்த்தாள்.

"இதுதான் பேட்டரியத் தின்னுச்சா?" என்றாள். "அய்ய, சாமி வெளக்கா? இது நம்ம ஆயுத பூசையன்னிக்கு மாட்டுனதுலா?"

"உனக்கு நாபகம் இருக்குதா?" என்றேன்.

"ஏன் இல்லாம? பொரிகடலை குடுத்துட்டு எல்லாரும் இங்கனதான நின்னோம். சாவிய எடுத்தா சாமியும் இருட்டாவுதுன்னு அக்காதான சொன்னாவ. 'சாமிய இருட்டுல வெக்கப்படாது, நேரா பேட்டரியில குடுங்க'ன்னு. சீரியல் லைட்டு வேண்டாம், தீபம் மாரி மஞ்சளா எரியணும்னு பல்பு எடுத்துக் குடுத்ததும் அக்காதான். அண்ணாச்சி கீழ படுத்துக் கட்டுனாவ. அக்கா டார்ச்சு புடிச்சாவ. ஒரு மணி நேரம் புடிச்சு கை கடுக்குதுன்னு என்கிட்டத் தந்தாவ."

சாந்தாமணி வாயில் இருந்த முந்தானை மெதுவாக இறங்கியது.

"நானா?" என்றாள்.

"நீங்கதான் அக்கா. வயரு பத்தலன்னு தம்பிதான பைக்க எடுத்துட்டுப் போயி இந்தச் செவப்பு வயர வாங்கியாந்தாவ. கருப்பு கேட்டா செவப்பு வாங்கியாந்துட்டான்னு அண்ணாச்சி ஏசுனாவ. என்ன தம்பி, மறந்திட்டியளா?"

பிரபு என் கையை விட்டுவிட்டு எழுந்தான். வயரைக் கையில் எடுத்துப் பார்த்தான். முகம் மாறியது.

"அட, ஆமாங்ப்பா. கருப்பு இல்லைன்னுட்டாங்க கடைல."

"டார்ச்சு நம்ம பச்ச டார்ச்சுங்க" என்றாள் சாந்தாமணி. "பேட்டரி வீக்கா இருந்துச்சு. நான் தட்டித் தட்டிப் புடிச்சேன்."

அவள் அதைச் சொல்லச் சொல்ல எனக்கும் வந்தது. முதுகுக்குக் கீழே தரையின் சூடு. கண்ணில் விழுந்த பொரி. மேலே இவள் தட்டத் தட்ட அணைந்து அணைந்து எரிந்த டார்ச். நான் திட்டிய வசவுகூட வார்த்தை வார்த்தையாக வந்தது, அதை இங்கே எழுத முடியாது.

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். சொன்னவள் அவள். வயர் வாங்கியவன் அவன். மாட்டியவன் நான். மூன்று பேருமே சுத்தமாக மறந்திருக்கிறோம். மறதிப் பட்டம் மட்டும் எனக்கு.

"பிரபு" என்றேன். "நாளைக்கு டாக்டர்கிட்ட ஒரு டோக்கன் பத்தாது கண்ணு. மூணாப் போடு."

முதலில் ஜெபராணிதான் சிரித்தாள். பிறகு சாந்தாமணி. சிரித்துக்கொண்டே வந்தவள் திடீரென்று என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு விசும்ப ஆரம்பித்தாள். பிள்ளை முன்னால், அடுத்த வீட்டுப் பெண் முன்னால், இந்த வயசில். "பயந்துட்டனுங்க" என்றாள். "உங்கப்பாவாட்ட நீங்களும் என்னய யாருன்னு கேட்டுருவீங்களோன்னு பயந்துட்டனுங்க."

"உன்ன மறந்தாலும் உன்ர வாய மறக்க முடியுமா" என்றேன்.

பிரபு சட்டைப் பையில் இருந்து சாவியை எடுத்தான். என் கையில் கொடுக்க அவனுக்குக் கூச்சம். வீட்டுக்குள் போய் அதே ஆணியில் மாட்டிவிட்டு வந்து, "சுச்சு ஒண்ணு வாங்கிட்டு வரட்டுங்களாப்பா?" என்றான்.

"வாங்கிட்டு வா. என்ன கலருன்னு நாபகம் வெச்சுக்க."

மத்தியானத்துக்குள் சுவிட்ச் வைத்துவிட்டோம். பல்பை மாற்றச் சாந்தாமணி சம்மதிக்கவில்லை. நான் கீழே படுத்து ரிப் துணி நாடாவால் கட்டினேன். பச்சை டார்ச்சை அவள்தான் பிடித்தாள்.

திங்கட்கிழமை விடிகாலையில் பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். மற்ற எல்லாவற்றையும் போல அதுவும் ஜில்லென்று இருந்தது. சாவியைத் திருகினேன். ஒரே திருகில் பிடித்தது. வெளியே தள்ளுவதற்காகக் கூடைகளைக் கீழே வைக்கப் போன பெண்கள் அப்படியே நிமிர்ந்தார்கள். ஜெபராணி ஏறி உட்கார்ந்து, தன் கையாலேயே பெட்டிக் கதவைத் திறந்து சுவிட்சைப் போட்டாள்.

டாக்டரைப் பிறகு ஒரு நாள் பார்த்தோம், பிரபுவின் திருப்திக்காக. வயசுக்கு இது சகஜம் என்றார்.

அந்தத் திங்கட்கிழமை பொங்கலூரில் ஏற வேண்டியவர்கள் ஏறினார்கள். மாதப்பூரில் நின்றேன், ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். பனி விலக ஆரம்பித்திருந்தது, எதிரே பல்லடத்து பஸ் ஒன்று ஹார்னை அலறவிட்டுக்கொண்டு வந்தது. அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. முந்தின ராத்திரி நிறுத்தங்களைச் சொல்லிப் பார்க்காமலேயே தூங்கியிருக்கிறேன்.